விலையாவணமும் விளங்காச் சொல்லும்

தமிழன் தன் வாழ்நாளில் செய்யும் கொள்வினைகளுள் மிகப் பெரியது வீடு வாங்குவதே. கத்தரிக்காய் வாங்கும்போது நிறைகோலின் நாவைக் குனிந்து நோக்குபவன் அவன்; துணி வாங்கும்போது முழம்போட்டுப் பார்த்துவிட்டே காசை எடுப்பவன் அவன். அத்தகையவன் மூன்று கோடி உருபா கொடுத்து வீடு வாங்கும்போது மட்டும், தான் வாங்குவது எத்துணை என்று கேளாமலே கையெழுத்திட்டுவிடுகிறான். அவன் அறிவிலி அல்லன். அளவு அவனுக்கு விளங்காத மொழியில் சொல்லப்படுகிறது. விளங்கிவிட்டதாக அவன் நினைத்துக்கொள்ளும் மொழியில் சொல்லப்படுகிறது என்றால் இன்னும் பொருந்தும்.

சென்னையில் அடையாறு, கோட்டூர்ப்புரம், நுங்கம்பாக்கம், மயிலாப்பூர் முதலான செல்வர் வாழ்பகுதிகளில் வீடு தேடுவோர் எல்லாரும் வழிவழிச் செல்வர் அல்லர். தஞ்சையில் நஞ்சையை விற்றவரும், இருபதாண்டு கடல்கடந்து உழைத்தவரும், ஓய்வுப் பணத்தையும் மகன் வாங்கிய வைப்பகக் கடனையும் ஒன்றாய்க் கட்டி முடிந்தவரும் அங்கே வருகின்றனர். அவர்கள் முன் விரிக்கப்படும் வழவழப்பான தாளில் தமிழெழுத்து ஒன்றேனும் இருப்பது அரிது. வீட்டின் பெயர் ஏதோ ஒரு 'மேனர்' அல்லது 'என்கிளேவ்' அல்லது 'ரெசிடென்சி'. மண் தமிழூரின் மண். அதன்மேல் எழும் மாடிக்கு மட்டும் இங்கிலாந்து நாட்டுப்புறத்தின் பெயர்! நுங்கம்பாக்கம் 1708ஆம் ஆண்டிலேயே ஆங்கிலக் கும்பனியின் கைக்குப் போன ஊர். இருநூற்று முப்பத்தொன்பது ஆண்டு ஆண்டவர்களும் அதன் பெயரை நாத்தடுமாறியேனும் நுங்கம்பாக்கம் என்றே சொல்லினர். அவர்கள் போனபின் வந்த கட்டுநர்க்கே அந்தத் தமிழொலி கசக்கிறது.

பெயர் கிடக்கட்டும். பெயரால் எவனும் பணம் இழப்பதில்லை. அளவுச் சொற்களுக்கு வருவோம்.

ஒரு வீடு 1,600 சதுர அடி, சதுர அடி 20,000 உருபா, ஆக விலை 3 கோடியே 20 இலக்கம் என்று முகவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். இந்த 1,600 என்பது 'சூப்பர் பில்டப்' அளவு. வீட்டிற்குள் புகுந்து நூல் பிடித்து அளந்தால் 1,120 சதுர அடி வரலாம். எஞ்சிய 480 எங்கே? சுவரின் தடிப்பு, வெளிமாடம், படிக்கட்டு, மின்தூக்கி, நடைவழி, வாயிற்கூடம், இளைஞர் உடற்பயிற்சி செய்யும் அறை ஆகியவற்றின் பங்கு. படிக்கட்டு வேண்டாமா என்று கேட்பர். வேண்டும்; அதற்கு விலை கொடுக்கவும் வேண்டும். ஆனால், தான் நடமாடும் ஒவ்வோர் அடிக்கும் உண்மையில் 28,571 உருபா கொடுக்கிறோம் என்பதும், 96 இலக்கம் உருபா தான் மட்டும் பூட்டித் திறக்கவியலாத பரப்புக்குப் போகிறது என்பதும் வாங்குபவனுக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டாமா? தமிழில் 'புழங்கு பரப்பு' என்றும் 'பொதுப்பங்கு சேர்ந்த பரப்பு' என்றும் எழுதியிருந்தால், எழுத்துக்கூட்டிப் படிக்கும் கிழவியும் இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைக் கண்டிருப்பாள். 'சூப்பர்' என்ற சொல்லோ குறையை நிறைபோலக் காட்டுகிறது. கேட்டவன் மகிழ்கிறான்!

நடுவணரசின் 2016ஆம் ஆண்டு வீட்டுமனைச் சட்டம் இதற்கொரு வரையறை தந்திருக்கிறது. வெளிச்சுவர், குழாயும் கம்பியும் செல்லும் வழிகள், தனிவெளிமாடம், திறந்த மேல்தளம் ஆகியன நீங்கலாக, உட்சுவர்கள் உட்பட எஞ்சும் பரப்பே 'கார்ப்பெட்' பரப்பு. அதைக் கட்டுநர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். நல்ல சட்டமே. இதைத் தமிழாக்க முனைந்த சிலர் 'கம்பளப் பரப்பு' என்றனர். பாய் விரிக்கும் வீட்டில் கம்பளம் எங்கிருந்து வந்தது? புழங்குதல் என்னும் உயிர்ச்சொல் ஒவ்வொரு தமிழ்த்தாயின் நாவிலும் இருக்க, சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைப்பது மொழிபெயர்ப்பு ஆகாது. தமிழ்ப்பற்றோடு செய்த பிழையும் பிழையே.

இதனினும் பெரிய இழப்பு நிலத்தில் நேர்கிறது. அடுக்ககத்தில் வீடு வாங்குபவன் உண்மையில் இரண்டு பொருள்களை வாங்குகிறான். ஒன்று கட்டடம், அது ஆண்டுக்காண்டு தேய்வது. மற்றொன்று நிலத்தில் பிரிவுபடாத பங்கு, அது தேயாதது. செல்வர் வாழ்பகுதியில் விலையின் பெரும்பகுதி அந்த மண்ணுக்கே உரியது. ஐம்பது அறுபது ஆண்டு கழித்துக் கட்டடத்தை இடித்து மீளக் கட்டுங்கால், ஒருவன் கையில் எஞ்சுவது அந்தப் பங்கு ஒன்றே. நான்கு மனை, அதாவது 9,600 சதுர அடி நிலத்தில் ஒரே அளவான பன்னிரண்டு வீடுகள் எழுந்தால், ஒவ்வொருவர்க்கும் 800 சதுர அடி நிலம் வரவேண்டும். ஆவணத்தில் 500 என்று எழுதியிருந்தால்? பன்னிருவர் பங்கும் சேர்ந்து 6,000தான். எஞ்சிய 3,600, ஒன்றரை மனை, கட்டுநரிடமோ பழைய நிலவுரிமையாளரிடமோ தங்கிவிடும். நாளை மேலும் ஒரு தளம் எழுப்பவும், இடிக்கும் நாளில் பங்கு கேட்டு வந்து நிற்கவும் அது அவர்க்கு வழி செய்யும். இது ஏதோ மறைபொருள் அன்று, கூட்டல் கணக்கு. ஆயினும் 'அன்டிவைடட் சேர்' என்று நாற்பது பக்க ஆங்கில ஒப்பந்தத்தின் முப்பதாம் பக்கத்தில் கிடக்கும்போது எவன் கூட்டிப் பார்க்கிறான்? "பிரிவுபடாத நிலப்பங்கு 500 சதுர அடி" என்று தமிழில் முதற்பக்கத்தில் இருந்தால், "மற்ற முந்நூறு எங்கே?" என்று வாங்குபவனின் தாயே கேட்டிருப்பாள்.

நிலத்தை விற்கவும் வாங்கவும் தமிழில் சொல் இல்லையோ என்று ஐயுறுவோர் சோழர் காலக் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று. கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை என நான்கெல்லையும் சொல்லி, அவற்றுக்கு உட்பட்ட நிலத்தில் உண்ணிலம் ஒழிவின்றி விற்றோம் என்பர். மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும், உடும்பு ஓடும் இடமும் ஆமை தவழும் இடமும் உள்ளிட்டு எதுவும் விடுபடாது என்று காட்டுவர். அந்த ஓலைக்குப் பெயர் விலையாவணம். ஆயிரம் ஆண்டுக்கு முன் அறிவாளர் எழுதிய அந்த நடையில், வாங்குபவன் பெறுவது யாது, பெறாதது யாது என்பதில் ஐயமே எழாது. ஆமை தவழும் ஈரமண்ணையும் கணக்கில் எழுதிய மரபினர், இன்று நின்றால் தலைமுட்டும் நிலவறையில் வண்டி நிறுத்தும் இடம் தமக்கு உரியதா இல்லையா என்று தெரியாமல் ஆவணத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகின்றனர்.

இடைக்காலத்தில் நேர்ந்ததையும் சொல்லியாக வேண்டும். விலையாவணம் 'கிரயப் பத்திரம்' ஆயிற்று. புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் என்று ஆவண எழுத்தர் அடுக்க, உழவன் கைந்நாட்டு வைத்தான். மகன், பெயரன் வழி ஆண்டுகொள்ளவும், கொடையளிக்கவும், விற்கவும் முழுவுரிமை உண்டு என்பதே அதன் பொருள். ஒரு வரியில் அடங்குவது. அது அவனுக்கு யாரும் சொல்லவில்லை. தந்தையை வடசொல் திகைக்க வைத்தது. மகனை ஆங்கிலம் திகைக்க வைக்கிறது. மகன் பட்டம் பெற்றவன் என்பதால், தனக்கு விளங்கவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் நாணுகிறான். அவ்வகையில் தந்தையின் நிலையே மேலானது. அவராவது நாலு பேரைக் கேட்டார்.

வைப்பகம் கடன் தரவும், அயல்நாட்டில் இருப்பவர் படிக்கவும் ஆங்கிலம் வேண்டும் என்று மறுத்துரைப்பர். இருக்கட்டும். தமிழுக்குப் பக்கத்தில் ஆங்கிலமும் இருப்பதை எவரும் தடுக்கவில்லை. தமிழில் எழுதிய ஆவணத்தைத் தமிழ்நாட்டுச் சார்பதிவகம் எதுவும் தள்ளுவதில்லை. நாட்டுப்புறங்களில் எழுதப்படுவன பெரும்பாலும் தமிழாவணங்களே. விலை ஏற ஏறத்தான் தமிழ் இறங்குகிறது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, பதிவு அலுவலர்க்கு விளங்காததும் அம்மாவட்டத்தில் வழங்காததுமான மொழியில் ஆவணம் வந்தால், மொழிபெயர்ப்பு இணைத்தாலன்றி அதனை ஏற்கலாகாது என்கிறது. முத்திரை குத்துபவர்க்கு விளங்க வேண்டும் என்று கவலைப்பட்ட சட்டம், வாழ்நாள் ஈட்டம் முழுவதையும் கொட்டுபவனுக்கு விளங்கிற்றா என்று கேட்கவில்லை! மேற்சொன்ன 3 கோடியே 20 இலக்கம் உருபா வீட்டுக்கு முத்திரைக் கட்டணம் 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. ஆக, 28 இலக்கத்து 80 ஆயிரம் உருபா அரசுக்குச் செல்கிறது. 1956ஆம் ஆண்டிலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் செய்த அரசு, இத்துணைப் பணம் பெற்றுக்கொண்டு, கட்டுநர் தரும் ஒப்பந்தம் தமிழிலும் இருந்தாக வேண்டும் என்று ஒரு விதி செய்தல் ஆகாதா?

அரசை மட்டும் சொல்லி என்ன? மேடையில் தமிழ் முழங்குவோரும் குழந்தைக்குத் தூயதமிழ்ப் பெயர் இடுவோரும் இதில் வேறுபடவில்லை. வாயிற்பலகையில் 'தமிழில்லம்' என்று பொறித்திருக்கும். உள்ளே இரும்புப் பேழையில் இருக்கும் ஆவணம் ஆங்கிலத்தில் இருக்கும். பலகை வழிப்போக்கர்க்கு, ஆவணமே வழிவழிக்கு. வழக்குமன்றத்தில் பலகையைக் காட்டி நிலத்தை மீட்க இயலாது.

சட்டத்தில் இன்னொரு பிடி உண்டு. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, எழுத்தில் ஒப்பந்தம் செய்து பதியாமல், விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கட்டுநர் முன்பணம் பெறலாகாது. அதுவரை வாங்குபவனே வலியவன். முகவர் நாள்தோறும் தொலைபேசியில் அழைப்பதும் அதுவரைதான். புழங்கு பரப்பு எவ்வளவு, நிலப்பங்கு எவ்வளவு, எல்லார் பங்கும் கூடி நிலத்தின் முழுவளவு ஆகிறதா, வண்டி நிறுத்துமிடம் எது என்பவற்றைத் தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேட்பதற்கு உரிய வேளை அதுவே.