உழைப்போர்க்கு உறையுள்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கட்கு இன்றியமையாதன. நெய்வேலியில் 1956-ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியபின், நிலையான பணியாளர்க்கு மரநிழல் செறிந்த நகரியத்தில் வீடுகள் அமைந்தன. அவர்களோடு சுரங்கத்தில் ஒருங்கே உழைக்கும் ஒப்பந்தத் தொழிலாளருட் பலரோ, வெளியே வாடகை வீடு தேடி அலைகின்றனர். நகரியத்து நிலம் நிறுவனத்திற்கு உரியது, விற்பனைக்கு வாராது. ஆதலின், புறத்தேயுள்ள சிறு மனைகளைப் பலரும் நாடுகின்றனர். விலையும் வாடகையும் ஏறுகின்றன. கூலியை மட்டும் உயர்த்தினால் இத்துயர் தீருமோ? உயர்ந்த கூலியை வாடகை விழுங்கிவிடும். மாணவர்களே, தென்னாடெங்கும் விளக்கெரிய உழைப்பவன், தான் விளக்கேற்ற ஓர் இல்லமின்றி வாடுதல் அறமாகுமோ? ஒப்பந்தத் தொழிலாளர்க்கும் குறைந்த வாடகையில் வீடு அமைத்துத் தருதல் அருளன்று, நிறுவனத்தின் கடமையேயாகும்.