பிரேக்கும் ஓர் அமானிதம்



இந்த மாதம் கார் பிரேக்கைப் பற்றி எழுதப் போகிறேன். "மௌலவிக்கு என்ன வந்தது, இது எங்களுக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பிரேக் என்பது ஆண்களின் விஷயம் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு எங்கள் வளவில் நிற்கும் ஒரு தென்னை மரம் சாட்சி.

எங்கள் கண்டக்குழி கற்பிட்டித் தீபகற்பத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு, நடுவே மணல். கடற்காற்றில் வரும் உப்பு இரும்பைத் தின்னும். மணலோ அசையும் இடுக்கெல்லாம் புகுந்துவிடும். எங்கள் பழைய அல்டோ காரில் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முன் சில்லில் 'கிறீச்' என்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. சில்லோடு சுழலும் இரும்புத் தட்டை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் கட்டைகளைத்தான் பிரேக் பேட் என்கிறோம். அவை தேய்ந்து மெலிந்ததும் ஒரு சிறு தகடு தட்டில் உரசிச் சத்தமிடும்படி பல பேட்களில் அமைத்திருக்கிறார்கள். அது வாகனம் நமக்குச் சொல்லும் எச்சரிக்கை.

புத்தளத்தில் புதிய பேட் வாங்கி வந்தேன். மத்ரஸா விடுமுறையான ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நானே கழற்றிப் பூட்டினேன். கையைக் கழுவிக்கொண்டு, வண்டியைக் கொட்டிலிலிருந்து பின்னால் எடுக்க ஏறி உட்கார்ந்தேன். அப்போது என் மனைவி கேட்டார்: "இங்க பாருங்க, பிரேக்கை ஒருக்கா மிதிச்சுப் பாத்தீங்களா?" அவருடைய வாப்பா லொறி ஓட்டியவர். அது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும், "இதெல்லாம் உங்களுக்கு விளங்காது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

பிரேக்கை மிதித்தேன். கால் தடையில்லாமல் அடி வரைக்கும் போய்விட்டது. வண்டி நிற்கவில்லை. பின்னால் கிணற்றடியில் இளைய மகள் உடுப்பு அலசிக்கொண்டிருந்தாள். கை பிரேக்கை இழுத்து ஸ்டியரிங்கைத் திருப்பினேன். வண்டி தென்னையில் மோதி நின்றது. மகளுக்கும் அந்த மரத்துக்கும் இடையில் நாலைந்து முழம்தான். அல்ஹம்துலில்லாஹ், ஒரு பம்பரோடு போயிற்று.

நடந்தது என்ன? தேய்ந்த பேட் மெல்லியது, புதியது தடித்தது. தடித்ததை உள்ளே நுழைக்க வேண்டுமானால் பேட்டைத் தள்ளும் பிஸ்டனைப் பின்னுக்கு அமுக்க வேண்டும். வேலை முடிந்த பிறகும் பிஸ்டன் பின்னாலேயே இருக்கும். முதல் சில மிதிகள் அதை முன்னே கொண்டு வருவதற்கே செலவாகிவிடும், வண்டியை நிறுத்தாது. ஆகவே எஞ்சினை ஸ்டார்ட் செய்யுமுன் பிரேக்கைப் பல தடவை மிதித்து, காலுக்குக் கீழே அது கெட்டியாகும் வரை பார்க்க வேண்டும். சில்லைப் பூட்டியதோடு வேலை முடிவதில்லை. பிரேக் கெட்டியானால்தான் முடிகிறது. என் மனைவி கேட்டது இந்த ஒன்றைத்தான்.

சகோதரிகளே! உங்கள் வீட்டிலும் கணவரோ மகனோ இந்த வேலையைச் செய்யக்கூடும். நீங்கள் ஸ்பெனர் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் சில கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள்.

முதலாவது, ஜாக்கியின் கீழே என்ன இருக்கிறது? நமது மணலில் ஜாக்கி புதையும், சாயும். தடித்த பலகை ஒன்றை வைத்து அதன்மேல் நிறுத்த வேண்டும். கை பிரேக் இழுத்து, பின் சில்லுகளுக்குக் கட்டை வைக்க வேண்டும். தூக்கிய பிறகு ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கி ஒன்றும் கொடுக்க வேண்டும். பிள்ளைகளை அண்ட விடாதீர்கள்.

இரண்டாவது, இரு பக்கமும் மாற்றினீர்களா? ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கக்கூடும். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது. ஒன்றை முடித்துவிட்டே மற்றதைத் தொட வேண்டும். பேட்டைத் தாங்கும் கலிப்பரை அதன் ரப்பர் குழாயில் தொங்க விடாமல் கம்பியால் கட்டி வைக்க வேண்டும். அது நகரும் ஊசிகளில் உப்பும் மணலும் இறுகியிருந்தால் துடைத்து, அதற்குரிய கிரீஸ் பூச வேண்டும். பேட்டிலோ தட்டிலோ ஒரு துளி கிரீஸும் படக் கூடாது.

மூன்றாவது, மிதித்துப் பார்த்தீர்களா? இதைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

இனி முழுக்க உங்கள் கையில் உள்ள விஷயத்துக்கு வருகிறேன். சில்லைக் கழற்றினால் கறுத்த தூள் இருக்கும். அதை வாயால் ஊதுவதும், காய்ந்த துணியால் தட்டுவதும் நம்மவர் வழக்கம். பிரேக் பேட்களில் நெடுங்காலம் அஸ்பெஸ்டஸ் நார் சேர்க்கப்பட்டது. ஜப்பான் 2004 இல் அதைத் தடை செய்தது. எல்லா நாடுகளும் அப்படிச் செய்யவில்லை. 1965 இல் லண்டனில் வெளியான ஓர் ஆய்வு, நுரையீரலையும் குடலையும் சுற்றியுள்ள சவ்வில் புற்றுநோய் கண்ட 76 பேரின் வாழ்க்கையை விசாரித்தது. அவர்களில் 9 பேர் அஸ்பெஸ்டஸ் வேலையே செய்யாதவர்கள், அந்த வேலை செய்தவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் மட்டுமே. கணவரின் வேலை உடுப்பைத் துவைத்த மனைவியரும் அவர்களில் இருந்தனர். அது ஆலைத் தொழிலாளரின் கதை. எப்போதாவது ஒரு முறை பேட் மாற்றுவதை அதற்குச் சமம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் காப்புச் செய்வது எளிது. தூளைத் தண்ணீர் தெளித்து நனைத்துத் துடைக்கச் சொல்லுங்கள். அந்தச் சாரத்தை உதறாமல் நனைத்து, தனியாகத் துவையுங்கள். பேட் வாங்கும்போது பெட்டியில் அஸ்பெஸ்டஸ் அற்றது என்று குறித்திருக்கிறதா எனப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிரேக் ஒயில் போத்தலையும் கவனியுங்கள். அது நஞ்சு. மிஞ்சியதைச் சோடாப் போத்தலில் ஊற்றிக் குசினியில் வைக்காதீர்கள். அது காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். சாதாரண டொட் 3 ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 பாகை அளவிலேயே கொதிக்கலாம். கொதித்தால் ஆவி உண்டாகி பிரேக் பிடிக்காமல் போகும். சமநிலத்தில் ஓடும் நம் வாகனங்களுக்கு இது தெரிய வராது. குருநாகல் வழியாகக் கண்டிக்குப் போய்த் திரும்புகையில் கலகெதர இறக்கத்தில்தான் தெரிய வரும்.

பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் வாகனங்களை வீட்டில் தொடவே வேண்டாம். கதவைத் திறந்த மாத்திரத்தில் அவற்றின் பிரேக் தானாக இயங்கி விரலை நசுக்கக்கூடும். அதற்குரிய பாஸிடம் விடுவதே புத்தி.

இறுதியாக ஒரு வரலாறு. 1888 ஓகஸ்ட் மாதம் ஜேர்மனியில் பெர்தா பென்ஸ் என்ற பெண்மணி, கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியில் தம் இரு புதல்வரை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து சுமார் 100 கிலோமீற்றர் தூரத்திலிருந்த தாய் வீட்டுக்குப் புறப்பட்டார். இறக்கங்களில் மரப் பிரேக் தேய்ந்து பிடிக்காமல் போனது. அவர் வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் போய், அந்தக் கட்டைகளின் மேல் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். பிரேக்குக்கு மேலுறை போட்ட கதை அங்கேதான் தொடங்குகிறது. செய்தவர் ஆணாக இருக்கலாம். பிள்ளைகளோடு அதில் அமர்ந்து போன தாய்க்குத்தான் அதன் குறை விளங்கியது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. வாகனத்தில் ஏறும் ஒவ்வோர் உயிரும் ஓட்டுபவரின் கையில் அமானிதம். ஆகவே கேளுங்கள் சகோதரிகளே, தயங்காதீர்கள். "உங்களுக்கு விளங்காது" என்று பதில் வந்தால், கண்டக்குழியில் ஒரு மௌலவியின் தென்னை மரத்தை எடுத்துச் சொல்லுங்கள். அதன் தழும்பு இன்னும் ஆறவில்லை.

இப்போதெல்லாம் நான் வண்டியில் ஏறினால் மனைவி ஒன்றும் கேட்பதில்லை, கதவருகில் நின்று என் காலைப் பார்க்கிறார். நானும் மிதித்துக் காட்டிவிட்டே புறப்படுகிறேன்.

அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.