பார்பரா ஆலனுக்கு அசல் பிரதி கிடையாது

போன வாரம் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது, என்னைப் போலவே ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் கேட்டார். "சார், இந்த 'பார்பரா ஆலன்' பாட்டை யூடியூபில் ஆளுக்கு ஒரு விதமா பாடுறாங்க. அசல் எதுன்னு தெரிஞ்சா மத்ததைத் தள்ளிடலாமே?"

நகலை அசலோடு ஒப்பிட்டுப் பார்த்து மேலதிகாரி கையெழுத்துக்கு வைப்பதிலேயே காலத்தைக் கழித்தவன் நான். ஆனாலும் சொல்கிறேன், நண்பர் சொன்னது தப்பு. முழுத் தப்பு.

கதை இதுதான். சாகக் கிடக்கும் வாலிபன், தான் நேசிக்கும் பார்பரா ஆலனைக் கூட்டிவர ஆள் அனுப்புகிறான். அவள் மெதுவாக வருகிறாள். பிழைக்கமாட்டாய் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத் திரும்புகிறாள். வழியில் சாவு மணி கேட்கிறது. பிறகு அவளும் படுக்கையில் விழுகிறாள்.

1666 ஜனவரியில் லண்டனில் ஒரு நடிகை இதைப் பாடக் கேட்டு மகிழ்ந்ததாக சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். யார் கட்டிய பாட்டு? எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஸ்காட்லாந்துக்காரர்கள் பாடினால் இலையுதிர்காலம், வாலிபன் சர் ஜான் கிரேம். கடல் தாண்டி அமெரிக்க மலைகளுக்குப் போனால் மே மாதம், வில்லியம். சிலர் இரண்டு கல்லறையிலிருந்தும் ரோஜாவையும் முட்செடியையும் வளரவிட்டு முடிச்சுப் போடுகிறார்கள், சிலர் அதைப் பாடுவதே இல்லை.

இதெல்லாம் அலங்காரம், விட்டுவிடலாம். விட முடியாதது ஒன்று உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ஆலன் ராம்சே அச்சிட்ட ஸ்காட்லாந்துப் பாடத்தில் பார்பரா காரணம் சொல்கிறாள்: மதுக்கடையில் எல்லோர் பெயரையும் சொல்லிக் குடித்தவன், என்னை மட்டும் அவமதித்தான். 1765இல் பிஷப் பெர்சி அச்சிட்ட பாடத்தில் அந்தக் காரணமே கிடையாது. அதில் அவள் பிணத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். தலைப்பே 'பார்பரா ஆலனின் கொடூரம்'!

பெர்சியுடையதுதான் அசல், மற்றதைக் கிழித்துப் போடு என்று யாராவது உத்தரவு போட்டிருந்தால்? ஒரு தரப்பு மனுவை மட்டும் வைத்துக் கோப்பை மூடின கதைதான். மதுக்கடை வரியை மறக்காமல் பாடிவந்த பெயர் தெரியாத பாட்டிமார்களால்தான் அவள் பக்கத்து நியாயம் பிழைத்தது.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். 'ரெனோ மன்னன்' என்ற பழைய பிரெஞ்சுப் பாட்டில் ஒரு வரியை மாற்றிப் பாடிய பையனை வாத்தியார் பெஞ்சு மேல் ஏற்றினார். "பாட்டி இப்படித்தான் பாடுவாங்க" என்று அழுதான். நாங்கள் சிரித்தோம், நானும்தான். அந்தப் பாட்டுக்கும் பல பாடங்கள் உண்டு என்று எனக்குத் தெரியவந்தபோது தலை நரைத்துவிட்டது.

நண்பருக்கு இரண்டு பாட்டு அனுப்பியிருக்கிறேன். ஒன்றில் மதுக்கடை இருக்கிறது, ஒன்றில் இல்லை. எதைத் தள்ளச் சொல்கிறார் பார்ப்போம்.