பெருவிரலின் பணி

கொக்கட்டிச்சோலையிலே பேஸ் கிற்றார் பயிலும் மாணவர் ஒருவரின் வாசிப்பை அண்மையிற் கேட்டோம். சுரம் பிழைக்கவில்லை, ஆயினும், ஒவ்வொரு சுரத்தின் பின்னும் ஓர் இரைச்சல் தொடர்ந்தது. உற்று நோக்கினோம். வலக்கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் தந்திகளை மீட்டின. பெருவிரலோ ஓரிடத்தில் ஊன்றி அசையாதிருந்தது.

அக்கருவிக்குத் தந்திகள் நான்கு. மேலேயுள்ள தடித்த தந்தி செக்கனுக்கு ஏறக்குறைய 41 தடவை அதிர்வது. பிற தந்திகளை மீட்டும்போதும் அது உடன் அதிர்ந்து ஒலிக்கும். ஆதலின், இரண்டாவதை மீட்டுங்கால் பெருவிரல் அத்தடித்த தந்தியின் மேல் அமர்தல் வேண்டும். மூன்றாவதை மீட்டுங்கால் இரண்டாவதன் மேல் இறங்கி, தன் பக்கத்தால் மேலதையும் தொட்டு அடக்குதல் வேண்டும். கை முழுதும் உடன் இறங்குவதால் மணிக்கட்டும் மிகையாக வளையாது.

1951 இல் லியோ ஃபெண்டர் தமது பேஸ் கிற்றாரை வெளியிட்டபோது, பெருவிரலால் மீட்டுவோர்க்கென, மற்றை விரல்கள் பற்றிக்கொள்ளக் கீழே ஒரு கட்டையைப் பொருத்தினார். பின்வந்தோர் பலர் மீட்டும் பணியை இரு விரல்களுக்கு அளித்தனர், பெருவிரல் காவலாயிற்று.

1947 இல் 'யாழ் நூல்' தந்த விபுலாநந்த அடிகளின் மட்டக்களப்பு நாட்டில் தந்தியிசை புதிதன்று. ஒலிக்கச் செய்வதோடு, ஒலியாதிருக்கச் செய்யவும் நம் மாணவர் பயில்வாராக! நாளும் சிறிது நேரம், மெதுவாகப் பயின்றாற் போதும்.