பள்ளிக்குள் நுழையும் காவலரும் 'இயன்றவரை' என்னும் சொல்லும்

'பள்ளிக் காவலர்' என்றொரு பதவி பெங்களூருவில் இல்லை. இந்தியாவில் எங்குமே இல்லை. அமெரிக்கப் பள்ளிகளில் நிரந்தரமாக அமர்த்தப்படும் காவல் அலுவலரைப் போன்ற ஒருவரை இந்தியச் சட்டம் உருவாக்கவில்லை. இதை ஒரு நற்பேறு என்று கருதும் கல்வியாளர்கள் உண்டு. அவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். பதவி இல்லாதபோது அந்தப் பதவிக்குரிய எல்லையையும் எவரும் எழுதுவதில்லை. எல்லை எழுதப்படாத இடத்திற்குள் நிலையக் காவலர் நடந்து வருகிறார். தலைமையாசிரியர் நாற்காலி எடுத்துப் போடுகிறார். வகுப்பிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக அழைக்கப்படுகிறார்கள்.

2020 ஜனவரியில் பீதரில் நடந்தது இதுதான். ஷாஹீன் பள்ளியில் ஜனவரி 21 அன்று குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைப் பற்றிய ஒரு நாடகத்தைப் பிள்ளைகள் நடித்தார்கள். சில நாட்களில் இந்திய தண்டனைச் சட்டத்தின் 124அ பிரிவில், அதாவது ராஜதுரோகக் குற்றச்சாட்டில், வழக்குப் பதிவானது. ஜனவரி 30 அன்று இரு பெண்கள் கைது செய்யப்பட்டனர். ஒருவர் பள்ளியின் தலைமையாசிரியை. மற்றவர் நாடகத்தில் நடித்த சிறுமியின் தாய். இருவருக்கும் பிப்ரவரி 14 அன்றுதான் பிணை கிடைத்தது. இதற்கிடையே காவலர்கள் பள்ளிக்கு ஒருமுறையல்ல, பலமுறை சென்று பிள்ளைகளிடம் கேள்வி கேட்டார்கள். வசனத்தை எழுதியது யார், சொல்லிக்கொடுத்தது யார்? அந்தக் கேள்விக்குத் தான் சொல்லும் விடை யாரைச் சிறைக்கு அனுப்பும் என்பதைத் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளை எப்படி அறியும்?

இந்த விசாரணைக்கு எதிரான பொதுநல வழக்கு பெங்களூருவில் உள்ள உயர் நீதிமன்றத்திற்கு வந்தது. தலைமை நீதிபதி அபய் ஓகா, நீதிபதி சஞ்சய் கவுடா ஆகியோரின் அமர்வு 2021 ஆகஸ்டில் புகைப்படங்களைப் பார்த்தது. சீருடையிலும் ஆயுதத்தோடும் காவலர்கள் பிள்ளைகளை விசாரித்ததை அவை காட்டின. முதல் நோக்கிலேயே இது குழந்தைகளின் உரிமை மீதான கடுமையான மீறல் என்றும், இளஞ்சிறார் நீதி விதிகளில் 86(5)க்கு முரணானது என்றும் அமர்வு குறிப்பிட்டது. சரியான கருத்துதான். ஆயினும் அந்த விதியைச் சொல்சொல்லாகப் படிப்பவருக்கு ஒரு நெருடல் ஏற்படும். குழந்தையோடு பேசும் காவலர் 'இயன்றவரை' சாதாரண உடையில் இருக்க வேண்டும் என்பதே விதி. எவருக்கு இயன்றவரை? இயலாமையை முடிவு செய்பவர் யார்? விதி சொல்லவில்லை. கட்டளை வினை ஒன்றை எழுதி, அதன் முன்னால் ஒரே ஓர் அடையை வைத்து, கட்டளையை வேண்டுகோளாக்கிவிட்டார்கள்.

சட்டம் எழுதுவோருக்கு வேறு விதமாக எழுதத் தெரியாது என்றில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 24ஆம் பிரிவு, குழந்தையின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யும் காவலர் சீருடையில் இருக்கக் கூடாது என்று அடையேதும் இன்றிச் சொல்கிறது. வாக்குமூலம் பெறும் இடம் குழந்தையின் வீடு, அல்லது குழந்தை வழக்கமாகத் தங்கும் இடம், அல்லது குழந்தையே விரும்பும் இடம். அதே பிரிவில், பெண் அலுவலர் பதிவு செய்வதற்கு மட்டும் 'இயன்றவரை' வருகிறது. எந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று தெரிந்தே வைத்திருக்கிறார்கள்.

இன்னும் ஆழமான ஓட்டை ஒன்று உண்டு. 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், 107ஆம் பிரிவு, ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஏ.எஸ்.ஐ. தரத்திற்குக் குறையாத, உரிய பயிற்சி பெற்ற ஒரு சிறார் நலக் காவல் அலுவலரைப் பற்றிப் பேசுகிறது. மாவட்டந்தோறும் நகரந்தோறும் சிறப்புப் பிரிவு. அதில் இரு சமூகப் பணியாளர்கள், அவர்களில் ஒருவர் பெண். எல்லாம் நன்று. அந்த அலுவலர் யாரோடு பணியாற்ற வேண்டும்? 'பாதிக்கப்பட்டவராகவோ குற்றம் புரிந்தவராகவோ' உள்ள குழந்தைகளோடு. பீதரின் பிள்ளைகள் இரண்டிலும் சேரவில்லை. அவர்களுக்கு எவரும் தீங்கிழைத்ததாக வழக்கில்லை. அவர்கள் மீதும் வழக்கில்லை. காவல்துறையின் கணக்கில் அவர்கள் சாட்சிகள். சாட்சியாக நிற்கும் குழந்தையை அந்த 'அல்லது' வெளியே தள்ளிவிடுகிறது. பள்ளிக்குள் காவலர் தேடி வருவது பெரும்பாலும் சாட்சியைத்தான் என்பது அதை எழுதியவர்களின் எண்ணத்தில் இருந்ததாகத் தெரியவில்லை.

சாட்சிக் குழந்தையைக் காக்கும் வரி வேறொரு பழைய இடத்தில் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 160ஆம் பிரிவு, இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 179. பதினைந்து வயதிற்குட்பட்ட ஆணையும், எந்தப் பெண்ணையும், அவர் வசிக்கும் இடம் தவிர வேறெங்கும் வரச்சொல்லிக் காவலர் கட்டாயப்படுத்தக் கூடாது. தண்டனைச் சட்டத்தில் 'பெண்' என்பது எந்த வயதினளையும் குறிக்கும். எனவே பதினாறு, பதினேழு வயது மாணவியும் இதற்குள் அடங்குவாள். 'நாங்கள் எவரையும் அழைக்கவில்லை, அவர்கள் இருந்த இடத்திற்கு நாங்கள் சென்றோம்' என்று காவல்துறை வாதிடலாம். அந்த வாதம் நிற்காது. ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி கட்டாயம் என்கிறது 2009ஆம் ஆண்டின் சட்டம். மணி அடிக்கும் வரை அந்தப் பிள்ளை எழுந்து போக முடியாது. ஆசிரியர் 'போய்ப் பதில் சொல்' என்றால் மறுக்கவும் முடியாது. ஏற்கெனவே கட்டுப்பட்டு நிற்பவரைத் தனியாகக் கட்டாயப்படுத்தத் தேவை ஏது?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011இல் ஜே.டி.பி. எதிர் வட கரோலினா வழக்கில் இந்தப் புள்ளியைத்தான் தொட்டது. பதின்மூன்று வயது மாணவனை வகுப்பிலிருந்து அழைத்து, மூடிய அறையில் காவலர் விசாரித்தார். வளர்ந்த ஒருவர் எழுந்து போய்விடலாம் என்று உணரும் சூழலில், சிறுவன் அப்படி உணர்வானா என்பதை அவன் வயதைக் கொண்டே எடைபோட வேண்டும் என்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பானது. பள்ளிக்குள் காவலரை நிரந்தரமாக வைத்து, அதற்கான விலையையும் கொடுத்துவரும் நாடு அது. அங்கேகூட இந்தக் கேள்வி தீர்ப்பாகியிருக்கிறது.

பாதுகாப்பு என்ற எதிர்வாதம் உடனே வரும். 2023 டிசம்பர் 1 அன்று பெங்களூருவின் 60க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தபோது காவலர்கள் உள்ளே செல்ல வேண்டியிருந்தது, எவரும் மறுக்கவில்லை. மாணவர் காவல் படைத் திட்டமும் கேரளத்தில் 2010இல் தொடங்கி 2018இல் தேசிய அளவிற்கு வந்தது. அதன் நோக்கத்திலும் குறை காண வேண்டியதில்லை. ஆனால் குண்டு தேடுவது வேறு, குழந்தையிடம் வாக்குமூலம் தேடுவது வேறு. காக்கியைக் கண்டு அஞ்ச வேண்டாம் என்று அணிவகுப்பில் பழக்கப்படுத்தப்பட்ட பிள்ளை, அதே காக்கி கேள்வி கேட்கும்போது மறுக்கலாம் என்பதை எங்கே கற்கும்?

பள்ளி வாசலுக்கு வெளியே அளவுகோல் மிகத் துல்லியமாக இருக்கிறது. 100 கெஜத்திற்குள் புகையிலை விற்கக் கூடாது. 2022 பிப்ரவரியில் ஹிஜாப் விவகாரத்தின்போது, பெங்களூருவின் கல்விக்கூடங்களைச் சுற்றி 200 மீட்டருக்குள் கூட்டம் கூட இரண்டு வாரம் தடை இருந்தது. வாசலைத் தாண்டியதும் அளவுகோல் தலைமையாசிரியரின் இசைவாகச் சுருங்கிவிடுகிறது. உரிமம், ஆய்வு, அங்கீகாரம் என அரசின் தயவில் பள்ளி நடத்துபவர் தரும் இசைவு அது. குழந்தையின் இசைவோ பெற்றோரின் இசைவோ அன்று.

ராஜதுரோக வழக்கின் முடிவும் இந்தக் கேள்வியைத் தொடவில்லை. 2023 ஜூனில் கலபுரகி அமர்வில் நீதிபதி ஹேமந்த் சந்தன்கவுடர் பள்ளி நிர்வாகத்தினர் மீதான வழக்கை ரத்து செய்தார். நாடகம் பள்ளிக்குள் நடந்தது, வன்முறையைத் தூண்டும் சொல் அதில் இல்லை என்பது காரணம். வரவேற்க வேண்டிய தீர்ப்பு; ஆனால் அது பெரியவர்கள் பேசியது குற்றமா என்பதற்கான விடை. சிறியவர்களைப் பேசவைத்தது குற்றமா என்பதற்கு விடை இன்னும் வேண்டியிருக்கிறது. விதியை மீறிப் பெற்ற பதில் விசாரணைக் கோப்பில் இடம்பெறாது என்று எழுதப்படாதவரை, 86(5) மீறலுக்கு எந்த விலையும் இல்லை.

செய்ய வேண்டியது பெரிய சட்டத் திருத்தம்கூட இல்லை. 107ஆம் பிரிவில் 'சாட்சியாகவோ' என்ற ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும். 86(5)இலிருந்து 'இயன்றவரை'யை நீக்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு தலைமையாசிரியரும் நாற்காலி போடுவதற்கு முன் மூன்றைக் கேட்கலாம்: எழுத்துமூல அழைப்பாணை, சிறார் நலக் காவல் அலுவலர், பெற்றோரில் ஒருவர். அழைப்பாணை கையில் இருந்தால், விசாரிக்கும் இடமாக அதில் எழுதப்பட வேண்டியது குழந்தையின் வீட்டு முகவரி, பள்ளியின் முகவரி அன்று.