அலிகர்: பெருமைப் பட்டியலில் விடுபட்ட பாதி

அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் என்றதும் குடியரசுத் தலைவராக இருந்த ஜாகிர் ஹுசைன், துணைக் குடியரசுத் தலைவராக இருந்த ஹாமித் அன்சாரி ஆகியோரை நாம் பெருமையுடன் சொல்கிறோம். இருவரும் அலிகரில் படித்து, பின்னர் அங்கே துணைவேந்தர்களாகவும் இருந்தவர்கள்.

1920-ல் அது பல்கலைக்கழகமானபோது முதல் வேந்தரானவர் போபால் அரசி சுல்தான் ஜஹான் பேகம். ஆனால், ஒரு பெண் துணைவேந்தராக 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்பதவிக்கு வந்த பேராசிரியர் நயீமா காத்தூன் அங்கேயே படித்து, உளவியல் கற்பித்து, மகளிர் கல்லூரி முதல்வராகவும் இருந்தவர்.

இடைப்பட்ட 104 ஆண்டுகளில் நம் பெண்களிடம் அறிவா குறைந்திருந்தது? கல்வி இருபாலருக்கும் கடமை என்று மேடையில் பேசும் நாம், பிளஸ் டூ முடித்த மகளுக்கு உடனே வரன் தேடுகிறோம். மகனுக்குக் கல்லூரி விண்ணப்பம் வாங்கும்போது மகளுக்கும் ஒன்று வாங்குவோம், இன்ஷா அல்லாஹ்.