காய்க்காத மாமரத்துக்குக் கோடரி எதற்கு?

கொல்லையில் பன்னிரண்டு வயது ஒட்டு மாமரம். தழைத்து நிழல் பரப்பி நிற்கிறது. தை போய் மாசியும் பிறந்துவிட்டது. ஒரு பூங்கொத்தைக் காணோம். அடுத்த வீட்டு மரமோ பூத்துக் குலுங்குகிறது. உடனே வீட்டுக்காரர் அடிமரத்தில் ஆணி அடிக்கிறார், கிளையில் துடைப்பம் கட்டுகிறார், அல்லது மூட்டை உரத்தைக் கொட்டுகிறார். அதற்கும் பலிக்காவிட்டால் மலட்டு மரம் என்று பட்டம் சூட்டி, விறகுக்காரரைக் கூப்பிட்டு விடுகிறார்.

பெரும்பாலான இடங்களில் மரத்தின் மேல் குற்றமில்லை. குற்றம் தண்ணீரில் இருக்கிறது.

கொல்லை மரத்துக்குக் குளியல் தண்ணீரும் பாத்திரம் கழுவும் தண்ணீரும் பன்னிரண்டு மாதமும் பாய்கின்றன. தோட்டத்து மரமானால் பக்கத்து வாழைக்கோ தென்னைக்கோ விடும் தண்ணீர் அதன் வேருக்கும் போகிறது. மாமரத்தின் சுபாவம் வேறு. அறுவடைக்குப் பின் ஆடி, ஆவணியில் விடும் துளிர் முற்றி, கரும்பச்சையாகி, சில மாதம் சும்மா இருந்தால்தான் அதன் நுனியில் மார்கழி, தையில் பூ வரும். அந்த ஓய்வுக் காலத்தில் தண்ணீரும் தழைச்சத்தும் கிடைத்தால் மரம் மறுபடி செந்துளிர் விடும். இளந்துளிரில் பூ வராது. பனியும் லேசான வறட்சியும் சேர்ந்துதான் மரத்தைப் பூவுக்குத் திருப்புகின்றன.

எனவே ஐப்பசியிலிருந்து பாசனத்தை நிறுத்திவிட வேண்டும். குளியலறைத் தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கீரைப்பாத்திக்குத் திருப்பலாம். அதே மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் கொட்டுகிறது, அதை யார் நிறுத்துவது என்று கேட்கலாம். மழையை நிறுத்த முடியாது. ஆனால் மரத்தைச் சுற்றிய வட்டப்பாத்தியின் வரப்பை உடைத்துவிட்டால் தண்ணீர் தேங்காமல் ஓடிவிடும். கோடைக்கென்று கட்டிய பாத்தியை அப்படியே விட்டுவிட்டு ஐப்பசி, கார்த்திகையில் அதில் குளம் கட்டி நிற்கவிடுவது, பூவை விலை கொடுத்து விரட்டுவதற்குச் சமம். பிஞ்சு பட்டாணி அளவு வந்தபின் மறுபடி வரப்புக் கட்டித் தண்ணீர் விட்டால் போதும்.

உரமும் அப்படியே. வளர்ந்த மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுஉரம் என்பது அதிகமில்லை. ஆனால் அறுவடை முடிந்த கையோடு, புரட்டாசி தாண்டாமல் வைத்துவிட வேண்டும். அடிமரத்தை ஒட்டிக் கொட்டினால் வீண். உச்சி வெயிலில் மரத்தின் நிழல் விழும் வட்டத்தின் ஓரமாகக் குழி எடுத்து இடுவதே முறை. உணவு எடுக்கும் வேர்கள் அங்கேதான் இருக்கின்றன.

மரத்தின் வயதையும் ரகத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கொட்டை போட்டு முளைத்த மரம் காய்க்க ஆறு முதல் பத்து ஆண்டு ஆகலாம். ஐந்தாம் ஆண்டிலேயே அதைத் திட்டுவது நியாயமில்லை. பங்கனபள்ளியும் அல்போன்சாவும் ஓர் ஆண்டு அள்ளிக் கொடுத்தால் மறு ஆண்டு ஏமாற்றுகிற ரகங்கள். நீலம் ஆண்டுதோறும் காய்க்கும். காய்த்த கிளைநுனிகளில் பழைய பூங்காம்போடு அரை அடி அளவுக்கு ஆடியிலேயே நறுக்கி, உள்ளே வெயில் புகும்படி நடுவில் ஒன்றிரண்டு கிளையை எடுத்துவிட்டால், ஏமாற்றும் ரகமும் ஓரளவு வழிக்கு வரும்.

பூ வந்தபின் நடக்கும் தவறு ஒன்று உண்டு. தத்துப்பூச்சிக்குப் பயந்து, மரம் முழுவதும் மலர்ந்திருக்கும்போது மருந்து அடிக்கிறார்கள். மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பவை பெரும்பாலும் ஈக்களே. அவற்றைக் கொன்றுவிட்டுப் பிஞ்சு பிடிக்கவில்லை என்று அழுது பயனில்லை. மருந்து தேவைப்பட்டால் பூங்கொத்து தலைகாட்டும்போதே அடித்துவிட வேண்டும்.

பூக்கவைக்கும் மருந்துகளில் எளியது பொட்டாசியம் நைட்ரேட். பிலிப்பைன்ஸ் நாட்டில் அக்காலத்தில் மாமரத்தடியில் பச்சைத் தழையைப் போட்டு நாள்கணக்கில் புகை மூட்டுவார்கள். 1970-களில் அந்நாட்டு விஞ்ஞானி ரமோன் பார்பா, இந்த உப்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தாலே மரம் பூக்கும் என்று கண்டறிந்தார். அதில் பணம் பண்ணாமல் விவசாயிகளின் உபயோகத்துக்கு விட்டுவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். நம் ரகங்கள் எல்லாம் அதற்கு ஒரேபோல இணங்குவதில்லை. ஆனாலும் மாசிவரை பூக்காத மரத்துக்கு லிட்டருக்கு 10 கிராம் வீதம் தெளித்துப் பார்க்கலாம். இலை முற்றியிருக்க வேண்டும்; துளிர்மேல் தெளித்தால் பலனில்லை.

பாக்லோபுட்ரசால் கதை வேறு. இதை வேரடியில் ஊற்றினால் துளிர் அடங்கிப் பூ வருகிறது; மறுப்பதற்கில்லை. மரத்துக்கு 10 கிராம் வீரியச்சத்து, செப்டம்பர் முதல் பாதியில் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் அளவு. ஆனால் இது ஒரு பருவத்தோடு கரைந்து போவதில்லை, மண்ணில் தங்கும். அளவு மீறினாலும் ஆண்டுதோறும் ஊற்றினாலும் கணுக்கள் குறுகி, பூங்கொத்து உருண்டையாகச் சுருண்டு, மரம் குன்றிப்போகும்.

அந்த நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதே கேள்வி. சிறு விவசாயி கைச்செலவுக்காக இருபது மரத்தை இரண்டு மூன்று ஆண்டுக் குத்தகைக்கு விடுகிறார். குத்தகைக்காரருக்கு வேண்டியது அந்த இரண்டு மூன்று மகசூல் மட்டுமே. கைநிறைய மருந்தை ஊற்றிக் காயை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. நாற்பது ஆண்டு காய்க்க வேண்டிய மரம், குன்றிய நிலையில் உடையவரிடம் திரும்புகிறது. பணத்தேவை உள்ளவரிடம் குத்தகைக்கு விடாதே என்று சொல்வது எளிது, நடக்காது. ஆனால் குத்தகைச் சீட்டில் இரண்டு வரி சேர்க்கலாம்: உடையவர் நேரில் இல்லாமல் வேரடியில் எந்த மருந்தும் ஊற்றக்கூடாது, ஊற்றினால் எந்த மரத்துக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். வாய்ப்பேச்சில் குத்தகை பேசும் ஊர்களில்கூட இந்த இரண்டு வரியையாவது, முன்பணம் கைமாறுவதற்கு முன்பே, காகிதத்தில் வாங்கிவிட வேண்டும்.